கட்டளை வரியில் தமிழ்: தொடங்குவோருக்கு ஒரு வழி

கிளமெண்டி சாலையை ஒட்டியிருக்கிறது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகம். உலகளாவிய வலையில் தமிழ் ஏறிய கதை இந்த வளாகத்தோடு பிணைந்தது. 1995 அக்டோபர் 27 அன்று அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்றை இணையத்தில் தொடங்கிவைத்தார். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய 4 மொழிக் கவிதைகளும் அதில் இருந்தன. உலகின் முதல் தமிழ் இணையப் பக்கம் என்று அதைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருவேறு துறையினரின் உழைப்பு இருந்தது. ஒருவர் சிறுகதை எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. மற்றவர்கள், உயிர்வேதியியல் படித்து இணைய ஆய்வுக்கு வந்த டான் டின் வீயும் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு மேம்பாட்டுப் பிரிவில் அவரோடு இருந்த குழுவினரும்.

அக்காலப் பல்கலைக்கழகங்களின் இணையக் கணினிகள் பெரும்பாலும் யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை இயக்கியவர்கள் கருந்திரையில் ஒரு வரி தட்டி, என்டர் விசையை அழுத்தி, பதிலைப் படித்து, அடுத்த வரியைத் தட்டினார்கள். கட்டளை வரி என்பது அதுதான். அதே குடும்பத்தின் இன்றைய திறமூல வாரிசான லினக்ஸ் ஏறக்குறைய எந்தப் பழைய மடிக்கணினியிலும் இலவசமாக ஓடும். அதைக் கற்கத் தொடங்குகிற தமிழர், ஆங்கிலப் பாடநூல்களில் வரும் மாதிரிக் கோப்புகளை வைத்துக்கொண்டு பழகாமல் தமிழ் உரையை வைத்தே பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பழகினால் கட்டளைகளும் கைவரும், நம் எழுத்து கணினிக்குள் எப்படி வாழ்கிறது என்பதும் கூடவே விளங்கும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகத் தட்ட வேண்டும். பேரெழுத்தும் சிற்றெழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு.

இத்தனை சுருக்கமான பெயர்கள் ஏன்?

கட்டளைகளின் பெயர்கள் முதலில் எரிச்சலூட்டும். கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, இடம் மாற்ற எம்வி, அழிக்க ஆர்எம். இந்தச் சிக்கனத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது அவர்கள் முன் இருந்தது டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம். தட்டியதும் பதிலும் காகிதச் சுருளில் அச்சாகும். அன்று பரவலாக இருந்த 33ஆம் வகை டெலிடைப் நொடிக்கு 10 எழுத்துகள்தான் அச்சடிக்கும், அதன் விசைகளும் கனமானவை. ஒவ்வோர் எழுத்தும் நேரத்தையும் விரல் வலியையும் கேட்ட காலத்தில் 2 எழுத்துப் பெயர்கள் பெரிய உதவியாக இருந்தன.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸ் போலவே இயங்கும், ஆனால் யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள் தொகுதி அதன் இலக்கு. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் நிறுவும் டெபியன், உபுண்டு போன்றவை. 2017 நவம்பர் முதல் உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. கிளமெண்டி ரயில் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஃபியூஷனோபொலிஸில் சிங்கப்பூரின் தேசிய மீக்கணினி மையம் அமைந்தது. அதன் முதல் இயந்திரமான ஆஸ்பயர் 1-ஐப் பயன்படுத்திய ஆய்வாளர்களும் தங்கள் இருக்கையிலிருந்து எஸ்எஸ்எச் கட்டளை வழியே நுழைந்து, கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு வரித் தூண்டியின் முன்தான் வேலையைத் தொடங்கினார்கள். அந்த மையத்தைத் தலைமையேற்று நடத்தியவரும் டான் டின் வீதான்.

சுட்டியை நகர்த்திச் செய்யும் வேலையை இன்னொருவருக்கு விளக்க வேண்டுமானால் படம் பிடித்து அம்புக்குறி போட வேண்டும். கட்டளையை ஒரு வரியில் அனுப்பிவிடலாம். அதைச் சேமித்து வைக்கலாம், நாளை மீண்டும் ஓட்டலாம், ஆயிரம் கோப்புகள் மீது ஒரே நேரத்தில் ஏவலாம். கட்டளை வரி அரை நூற்றாண்டைத் தாண்டி நிலைத்திருப்பதற்குக் காரணம் அது எழுத்தாக இருப்பதுதான்.

முதல் அமர்வு

புதுக் கணினி தேவையில்லை. உபுண்டுவையோ டெபியனையோ ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்க்கலாம். நிறுவு என்று சொல்லாதவரை உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு எதுவும் ஆகாது. விண்டோஸை விட மனமில்லாதவர்கள் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை இயக்கினால் அதற்குள்ளேயே லினக்ஸ் முனையம், அதாவது கட்டளை தட்டும் சன்னல், கிடைக்கும். மேக் கணினியில் டெர்மினல் என்ற செயலி ஏற்கெனவே இருக்கிறது. உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய 3 விசைகளையும் சேர்த்து அழுத்தினால் முனையம் திறக்கும்.

திறந்ததும் தூண்டி என்ற ஒரு வரி காத்திருக்கும். அதில் உங்கள் பயனர் பெயர், கணினியின் பெயர், நீங்கள் இப்போது நிற்கும் கோப்புறை, கடைசியில் ஒரு டாலர் குறி. அலைக்குறி இருந்தால் நீங்கள் உங்கள் சொந்தக் கோப்புறையில் இருக்கிறீர்கள் என்று பொருள். டாலர் குறிக்குப் பதில் எண்குறி இருந்தால் கணினியின் முழு அதிகாரத்தோடு இருக்கிறீர்கள். அங்கே கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். இணையத்தில் எடுத்த கட்டளையின் தொடக்கத்தில் டாலர் குறி இருந்தால் அதைத் தட்டக் கூடாது. அது தூண்டியின் பகுதி, கட்டளையின் பகுதி அல்ல.

முதல் நாளுக்கு 3 கட்டளைகள் போதும். பிடபிள்யூடி நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும். எல்எஸ் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று காட்டும். சிடி வேறு கோப்புறைக்கு அழைத்துச் செல்லும்; சிடிக்குப் பின் 2 புள்ளிகள் வைத்தால் ஒரு படி மேலே போகலாம், எதுவும் சொல்லாமல் சிடி என்று மட்டும் தட்டினால் சொந்தக் கோப்புறைக்கே திரும்பலாம். வழி தவறியதாகத் தோன்றும்போதெல்லாம் பிடபிள்யூடி தட்டுங்கள். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை, தாம் நிற்கும் கோப்புறை வேறு, நினைத்துக்கொண்டிருக்கும் கோப்புறை வேறு என்பதால் வருபவை.

அடுத்து எம்கேடிஐஆர் என்ற கட்டளையால் 'குறிப்புகள்' என்று தமிழிலேயே ஒரு கோப்புறை உருவாக்குங்கள். லினக்ஸுக்கு அது முழுச் சம்மதம். பெயருக்குள் இடைவெளி வந்தால் மட்டும் மேற்கோள் குறிகளுக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் 2 சொற்களையும் 2 தனிப் பெயர்களாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

விரல்களைக் காப்பாற்றும் விசைகள் சில உண்டு. பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பும். நிரப்பாவிட்டால் அந்தத் தொடக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, அல்லது எதுவுமே இல்லை. மறுபடி அழுத்தினால் இருப்பவற்றைப் பட்டியலிடும். தமிழ்ப் பெயர்களுக்கும் டேப் வேலை செய்வதால் உள்ளீட்டு முறையை மாற்றி மாற்றித் தட்டும் சிரமம் பாதியாகக் குறையும். மேல்நோக்கு அம்பு முந்தைய கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவரும். கன்ட்ரோல்-ஆர் அழுத்தி ஒரு துண்டைத் தட்டினால், அந்தத் துண்டு இருக்கும் பழைய கட்டளை முன்னே வரும். ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்த கன்ட்ரோல்-சி. அதனால்தான் முனையத்தில் நகலெடுக்க அதோடு ஷிஃப்ட் விசையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

உதவிக்கு மேன் கட்டளை. மேன் எல்எஸ் என்று தட்டினால் எல்எஸ் பற்றிய கையேடு திறக்கும். அம்பு விசைகளால் படித்துவிட்டு கியூ எழுத்தை அழுத்தினால் வெளியே வரலாம். இந்த ஒரு விசை தெரியாமல் சன்னலையே மூடிவிடுபவர்கள் அநேகர். கையேடு நீளமாகத் தோன்றினால் கட்டளையின் பின்னே 2 சிறுகோடுகளும் ஹெல்ப் என்ற சொல்லும் சேர்த்துப் பாருங்கள், சுருக்கம் கிடைக்கும்.

மௌனமும் பிழைச் செய்தியும்

கோப்பை நகலெடுக்கச் சொன்னால் கணினி எதுவும் சொல்லாமல் அடுத்த தூண்டியைக் காட்டும். பழகாதவருக்கு இது திகைப்பாக இருக்கும். யூனிக்ஸ் மரபில் மௌனம் என்றால் வேலை முடிந்தது என்று பொருள். தவறு நேர்ந்தால்தான் பேசும். அப்படிப் பேசும்போது அதைப் படிப்பது மிக முக்கியம். தொடக்க நிலையில் வரும் பிழைகளில் பெரும்பகுதி 3 செய்திகளுக்குள் அடங்கும். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் கட்டளையின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது, அல்லது அந்த மென்பொருள் இன்னும் நிறுவப்படவில்லை. 'நோ சச் ஃபைல்' என்று வந்தால் நீங்கள் சொன்ன கோப்பு நீங்கள் நிற்கும் இடத்தில் இல்லை. பிடபிள்யூடியும் எல்எஸ்சும் தட்டிப் பாருங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால் அந்தக் கோப்பைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை.

உரிமை இல்லையென்றதும் சூடோ என்ற சொல்லை முன்னே சேர்த்து மறுபடி தட்டச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட இந்தக் கட்டளை, ஒரு வரிக்கு மட்டும் உங்களுக்கு நிர்வாகியின் முழு அதிகாரத்தைத் தருகிறது. மென்பொருள் நிறுவ அது தேவை. உங்கள் சொந்தக் கோப்பைத் திறக்க அது தேவைப்படுகிறதென்றால் வேறு ஏதோ தவறு இருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள். சூடோ கடவுச்சொல் கேட்கும்போது பல கணினிகளில் நீங்கள் தட்டுவது திரையில் தெரியாது, புள்ளி கூட வராது. விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள்.

ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தது போனதுதான். இதில் நட்சத்திரக் குறி கூடுதல் ஆபத்து. 'எல்லாப் பெயர்களும்' என்பதைக் குறிக்கும் அந்தக் குறியைக் கட்டளை பார்ப்பதற்கு முன்பே, நீங்கள் தட்டும் வரியைப் படித்து இயக்கும் ஷெல் என்ற நிரல் விரித்துவிடுகிறது. நட்சத்திரத்துக்கும் அடுத்து வரும் புள்ளிக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால், குறிப்பிட்ட வகைக் கோப்புகள் மட்டும் போவதற்குப் பதில் கோப்புறையில் இருக்கும் கோப்புகள் எல்லாமே போய்விடும். காப்பு எளிது: அதே வரியை முதலில் ஆர்எம்முக்குப் பதில் எல்எஸ் வைத்து ஓட்டுங்கள். எவை அழியப்போகின்றன என்று கண்ணால் பார்த்த பின் எல்எஸ்ஸை ஆர்எம் ஆக்குங்கள். சிறுகோடு-ஐ சேர்த்தால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு அழிக்கும். எங்கிருந்தோ நகலெடுத்த வரியானால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று தெரிந்த பிறகே என்டர் அழுத்துங்கள்.

கிளமெண்டியில் எத்தனை எழுத்து?

இனி தமிழுக்கு வருவோம். கி, ள, மெ, ண், டி: நம் கணக்கில் கிளமெண்டி 5 எழுத்து. கணினியைக் கேட்போம். பிரின்ட்எஃப் என்ற கட்டளை கொடுத்த சொல்லை அப்படியே வெளியிடும். டபிள்யூசி என்ற கட்டளை எண்ணிச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே குழாய்க்கோடு எனப்படும் ஒரு நிமிர்ந்த கோடு போட்டால் முதல் கட்டளையின் வெளியீடு இரண்டாவதற்கு உள்ளீடாகப் போகும். டபிள்யூசிக்கு -எம் என்று சொன்னால் விடை 9. -சி என்று சொன்னால் விடை 27.

மூன்று எண்களும் சரிதான். யூனிக்கோடில் அகர உயிர்மெய் தவிர மற்ற உயிர்மெய்களுக்குத் தனி எண் கிடையாது. க ஓர் எண், அதன்மேல் வரும் இகரக் கொக்கி இன்னோர் எண், புள்ளியும் தனி எண். க, ி, ள, ம, ெ, ண, ், ட, ி என்று 9. எகரத்தின் கொம்பு கண்ணுக்கு மகரத்தின் இடப்பக்கம் தெரிந்தாலும் கோப்பில் அது மகரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. இந்த 9 எண்களில் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும், ஆக 27. நம் கணக்கான 5 வேண்டுமென்றாலும் கிடைக்கும். கிரெப் கட்டளைக்கு -ஓ, -பி என்ற 2 விருப்பங்களைத் தந்து (பின்னதைப் பேரெழுத்தாக), பின்சாய்வுக்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த வடிவைத் தேடச் சொன்னால், கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக ஒவ்வொரு வரியில் பிரித்துத் தரும். வரிகளை எண்ணினால் 5.

இது வெறும் ஆர்வக் கணக்கு அல்ல. லினக்ஸில் பரவலாக இருக்கும் கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியெண்கள்தான். நூலின் முழுத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கோப்புப் பெயராக வைக்கும் நம் வழக்கத்துக்கு இந்த எல்லை விரைவில் வந்துவிடும். 'பெயர் மிக நீளம்' என்று கணினி மறுக்கும்போது காரணம் தெரிந்திருந்தால் குழப்பம் இல்லை.

அந்த 3 பைட்டுகளை அமைத்த விதம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. யுடிஎஃப்-8ஐ வடிவமைத்தவர்கள் ராப் பைக்கும் அதே கென் தாம்சனும். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில் மேசை விரிப்புத்தாளில் அதை வரைந்தார்கள். யூனிக்ஸைத் தொடங்கிய மனிதரே 23 ஆண்டுகளுக்குப் பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் அதில் இடம் கொடுத்தார். க என்ற எழுத்தின் பைட்டுகள் 224, 174, 149. தமிழின் எந்தக் குறியெண்ணை எடுத்தாலும் அதன் 3 பைட்டுகளும் 128 அல்லது அதற்கு மேல்தான் இருக்கும். இடைவெளி 32, புதுவரி 10, சாய்வுக்கோடு 47, குழாய்க்கோடு 124. கட்டளை வரிக்குப் பொருளுள்ள குறிகள் எல்லாமே 128க்குக் கீழே. ஆகவே தமிழ் எழுத்தின் உள்ளே இருக்கும் ஒரு பைட்டை இடைவெளி என்றோ கோப்புறைப் பிரிப்பான் என்றோ எந்தக் கட்டளையும் தவறாக நினைக்க வாய்ப்பே இல்லை. ஜப்பானியத்துக்கான பழைய ஷிஃப்ட்-ஜிஸ் குறியேற்றத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதில் ஓர் எழுத்தின் இரண்டாம் பைட், பின்சாய்வுக்கோட்டின் எண்ணாகவே அமைந்து நிரல்களைக் குழப்பியது. தமிழைப் பற்றி எதுவும் அறியாமல் 1970களில் வகுக்கப்பட்ட கட்டளைகள் இன்று தமிழைச் சேதமில்லாமல் சுமப்பதற்கு அந்த 128 என்ற எல்லையே காரணம்.

குழாயும் குறளும்

கட்டளைகளை நிமிர்ந்த கோட்டால் இணைக்கும் குழாய் என்ற உத்தியை யூனிக்ஸில் வலியுறுத்தியவர் டக்ளஸ் மக்கில்ராய். 1973இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நிரலும் ஒரே ஒரு வேலையை நன்றாகச் செய்ய வேண்டும், ஒன்றின் வெளியீடு மற்றொன்றுக்கு உள்ளீடாக வேண்டும் என்பது அவர் கொள்கை. 1986இல் டொனால்ட் குனூத், ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களைக் கண்டறிய நீண்ட நிரல் ஒன்றை எழுதிக் காட்டினார். அதைத் திறனாய்வு செய்த மக்கில்ராய் அதன் அழகைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை 6 கட்டளைகளைக் குழாயால் இணைத்துச் செய்து காட்டினார்.

நாம் திருக்குறளில் முயல்வோம். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் முதல் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. அங்கே கிடைக்கும் திருக்குறளை இறக்கி, அதிகாரத் தலைப்புகளும் குறள் எண்களும் நீக்கிய வெற்று உரைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூசிக்கு -எல் தந்தால் வரிகளை எண்ணும். 1330 குறள், ஒவ்வொன்றும் 2 அடி. 2660 வர வேண்டும். -டபிள்யூ தந்தால் இடைவெளியால் பிரிந்த சொற்களை எண்ணும். குறளுக்கு 7 சீர் என்பதால், சீர் பிரித்த கோப்பில் 9310 வர வேண்டும். எண் கூடினாலோ குறைந்தாலோ எங்கோ வெற்று வரி, விடுபட்ட இடைவெளி, எஞ்சிய தலைப்பு, தட்டச்சுப் பிழை. நூல் முழுவதையும் கண்ணால் படிக்காமலே 2 எண்களால் ஒரு பதிப்பின் நேர்த்தியைச் சோதிக்க முடிகிறது. யாப்பு நமக்குத் தந்த சரிபார்ப்பு எண் இது.

அடுத்து அதிகம் வரும் சீர்கள். டிஆர் கட்டளை ஒவ்வோர் இடைவெளியையும் புதுவரியாக மாற்றும், வரிக்கு ஒரு சீர் கிடைக்கும். சார்ட் அவற்றை அடுக்கும், ஒரே மாதிரியானவை அருகருகே வரும். யூனிக் -சி அடுத்தடுத்து வரும் ஒத்த வரிகளை ஒன்றாக்கி எண்ணிக்கையைச் சேர்க்கும். சார்ட் -ஆர்என் பெரிய எண் மேலே வருமாறு மறுபடி அடுக்கும். ஹெட் முதல் 10 வரிகளைக் காட்டும். 5 கட்டளைகளுக்கு நடுவே 4 குழாய்கள். ஒரேயடியாக முழு வரியையும் தட்டாதீர்கள். முதல் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், மேல் அம்பை அழுத்தி இரண்டாவதைச் சேருங்கள், மறுபடி பாருங்கள். வெளியீடு திரையைத் தாண்டி ஓடினால் கடைசியில் ஒரு குழாய் போட்டு லெஸ் சேர்த்தால் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். படிப்படியாகக் கட்டுவதே குழாயைக் கற்கும் வழி.

தமிழோடு பழகுபவர் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் சில உண்டு. கொ என்ற எழுத்தைக் க-வும் ஒற்றை ஒகரக் குறியுமாகச் சேமிக்கலாம், க-வும் கொம்பும் காலுமாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கிரெப்புக்கு அவை வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இருக்கும் சொல்லை இல்லை என்று கிரெப் சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். அடுக்குவதிலும் ஒரு சிக்கல். மொழிச் சூழல் 'சி' என்று இருந்தால் சார்ட் குறியெண்படியே அடுக்கும். யூனிக்கோடு எண்களில் ந-வை ஒட்டி ன, ர-வை ஒட்டி ற என்று இருப்பதால் அகராதி வரிசை குலைந்துபோகும். சிங்கப்பூருக்கான யுடிஎஃப்-8 சூழலைத் தேர்ந்தால் இன்றைய லினக்ஸில் மெய்கள் நெடுங்கணக்கு முறையில் நிற்கும்.

பழைய கோப்புகளை மீட்பது

1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். இதைத் தீர்க்க வேண்டுமென்ற பேச்சு பெரிய அளவில் ஒன்றுகூடியது 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாட்டில். நா. கோவிந்தசாமி அதன் உந்துசக்தி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99, 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு. அங்கேதான் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. ஆனால் 1999 மே மாதமே கோவிந்தசாமி காலமாகிவிட்டார்.

அந்த ஆண்டுகளில் மின்மடல் குழுக்களில் பிறந்த திஸ்கி என்ற குறியேற்றத்தில் ஏராளமான தமிழ் உரைகள் சேர்ந்தன. வீட்டில் இருக்கும் பழைய குறுந்தட்டில் இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரியும் கோப்புகள் இருந்தால் அவற்றுள் சில திஸ்கியாக இருக்கலாம். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியோடு வரும் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். எதிலிருந்து, எதற்கு என்று 2 விருப்பங்களைச் சொன்னால் யூனிக்கோடாக மாற்றித் தந்துவிடும். தனி மென்பொருள் தேடி அலைய வேண்டாம். நூறு கோப்புகள் இருந்தால் ஃபார் என்ற சுழற்சியால் ஒரே வரியில் நூறையும் மாற்றலாம். அசல் கோப்புகளை அழிக்காமல் மாற்றியவற்றை வேறு கோப்புறையில் வையுங்கள்.

தளப் பெயர்களிலும் கெண்ட் ரிட்ஜின் தடம் இருக்கிறது. 1998இல் டான் டின் வீயின் குழு, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் இணைய முகவரி எழுதும் முறைக்கு முன்மாதிரி செய்தது. தமிழும் அதில் இருந்தது. பின்னர் அது உலகத் தரமாக வேறு வடிவில் வளர்ந்தது. 2011 முதல் '.சிங்கப்பூர்' என்ற தமிழ் உயர்நிலைப் பெயர் நடைமுறையில் இருக்கிறது. ஐடிஎன்2 என்ற சிறு கட்டளையை நிறுவி அதற்குச் சிங்கப்பூர் என்ற சொல்லைத் தந்து பாருங்கள். எக்ஸ், என், 2 சிறுகோடுகள் என்று தொடங்கும் 22 குறிகளைப் பதிலாகத் தரும். இணையத்தின் பெயர் அமைப்புக்குள் நம் நாட்டின் தமிழ்ப் பெயர் அந்த வடிவில்தான் பயணம் செய்கிறது.

குறையும் அதன் திறப்பும்

எல்லாமே சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. முனையம் ஒவ்வொரு குறிக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கும் டெலிடைப் காலப் பழக்கத்தை இன்றும் பின்பற்றுகிறது. ஞௌ, மி, ண் போன்றவற்றைச் சம அகலக் கட்டங்களில் அடைப்பது தமிழுக்குப் பொருந்தாத ஏற்பாடு. அதனால் சில முனையங்களில் கொம்பு தனியே நிற்கும், புள்ளி விலகும், சுட்டி தவறான இடத்தில் துடிக்கும். கோப்பில் இருப்பது கெடவில்லை; ஓர் உரைத்திருத்தியில் திறந்தால் சரியாகவே தெரியும். டிஆர் கட்டளைக்கும் ஒரு குறை உண்டு. இடைவெளியைப் புதுவரியாக்கும், ஆனால் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அதன் வடிவம் பைட் பைட்டாகவே வேலை செய்வதால், ஒரு தமிழ் எழுத்தை இன்னொன்றாக மாற்றச் சொன்னால் உரையைச் சிதைத்துவிடும். அந்த வேலைக்கு செட் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

இவை திறமூலத்தின் குறைகள் என்பதால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இல்லை. முனையத்தின் நிரலும் டிஆரின் நிரலும் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. திருத்தம் எழுதி அனுப்பவும் வழி இருக்கிறது. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் தமிழ் எழுத்துகளை எழுத்துகளாகவே எண்ணும் வசதியைப் பைத்தான் நிரலாளர்களுக்குத் தருகிறது. சீனிவாசனும் நண்பர்களும் 2012 முதல் நடத்திவரும் கணியம் இதழ், லினக்ஸை எளிய தமிழில் கற்பிக்கும் நூல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கிளமெண்டிக்கு மேற்கே அடுத்த ரயில் நிலையமான ஜூரோங் ஈஸ்ட் பக்கத்தில் இருந்த அறிவியல் நிலையத்தில் 2016இல் ஃபாஸ்ஏஷியா என்ற திறமூல மாநாடு கூடியது. ஆகவே தமிழில் படிக்கவும், ஊருக்குள்ளேயே இதே ஆர்வம் உள்ளவர்களைச் சந்திக்கவும் வழி இருக்கிறது.

இந்தக் குறைகளைத் தமிழ் அறியாத ஒருவர் கண்டுபிடிப்பது கடினம். அவருக்கு மெ என்பது எப்படித் தெரிய வேண்டும் என்றே தெரியாது. நிரல் அறிந்து தமிழ் உரையைத் தொடாதவர் கண்ணிலும் இவை படாது. நிரலும் தமிழும் இரண்டும் கைவந்தவர்களே இவற்றைத் தீர்க்க முடியும். கிளமெண்டி சாலையின் இரு முனைகளிலும் கணினி கற்கும் மாணவர்களும் தமிழ் கற்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று குறளின் வரிகளை எண்ணிப் பார்த்து, எண் ஏன் ஒத்துவரவில்லை என்று தேடத் தொடங்கினால், சில ஆண்டுகளில் டிஆருக்கான திருத்தத்தை எழுதி அனுப்பும் நிலைக்கு அவரால் வர முடியும். அதற்குத் தேவையான கருவி ஒவ்வொன்றும் அவர் மடிக்கணினியில் இலவசமாக நிறுவக் கிடைக்கிறது.